அடுக்களைக்குப் போகும் ஒயர்

"அம்மா, அடுக்களைக்கு எதுக்கு நெட்?" என்று கேட்டார் திருச்சிற்றம்பலம்.

குழல்வாய்மொழி அம்மாள் அந்த மடத்தின் தலைவி. அவளுக்கு நாற்பத்தெட்டு வயது, சீடர் திருச்சிற்றம்பலத்துக்கு அறுபத்தாறு. விஷயத்தைச் சொல்லுங்கள் என்று உட்கார வைத்தாள்.

மடத்துக்கு வந்தது ஒரே ஒரு இணைப்பு. அது திருச்சிற்றம்பலத்தின் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, அங்கிருந்து மூன்று ஒயர்களாகப் பிரிந்து அலுவலகத்துக்கும் புத்தகக் கடைக்கும் அடுக்களைக்கும் போனது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தெட்டு வருஷம் இருந்த மனுஷன் வேறெப்படி அமைப்பார்? எல்லாம் தன் கையைத் தாண்டித்தான் போக வேண்டும், அதில் அவருக்கு ஒரு சுகம்.

லைன் நகரவே மாட்டேனென்கிறது என்பது அவர் புகார். அலுவலகம் சரி, கடையும் சரி. சாப்பிட வருகிறவர்கள் எத்தனை பேர் என்று பார்க்கச் சமையல்காரி பேராச்சிக்குக் காலையில் ஐந்து நிமிஷம் போதாதா? தினமும் பந்தி முடிந்ததும் அடுக்களைக் கம்ப்யூட்டர் முன்னால் பத்து நிமிஷம் உட்கார்ந்து தட்டுகிறாளே, அப்படி என்னதான் எழுதுகிறாள்?

அதே பேராச்சிதான் ஒரு வருஷமாக அவருக்கு மட்டும் உப்பில்லாத மோர் ஊற்றுகிறாள். கேட்டால் சிரிக்கிறாள். சந்தடி சாக்கில் அதையும் சொல்லி வைத்தார்.

"உங்களுக்கு என்ன அவசரம் ஐயா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் அவசரம் மடத்துக்கே தெரியும். மகள் உலகம்மை அவரோடு பேசி மூன்று வருஷம் ஆகிறது. மடத்துக்கு வந்தவனுக்குக் கல்யாணம் என்ன காட்சி என்ன என்று வீம்பாக அவள் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிட்டார். பிறகு மனசு கேட்கவில்லை. தன் மெயில் முகவரியை அவளுக்கு ஒரு கார்டில் எழுதிப் போட்டார். அன்றிலிருந்து மெஷின் முன்னால் காத்துக் கிடக்கிறார்.

"அவ எழுதியிருப்பா. லைன் நெரிசல்ல எங்கேயோ நிக்குதும்மா," என்றார்.

முப்பத்தெட்டு வருஷ எக்ஸ்சேஞ்ச் அனுபவம் பேசுகிற பேச்சா இது! பாவம், அப்படி நம்பினால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

"அடுக்களைக்கு எதுக்குன்னு எனக்கும் தெரியல. பிடுங்கித்தான் பாருங்களேன்," என்றாள் அம்மாள்.

"அடுக்களை ஒயரையா?"

"மூணையும்."

அவர் ஓடிப்போய் மூன்றையும் பிடுங்கினார்.

லைன் பறந்தது. கடிதம் வரவில்லை.

மறுநாள் சாதம் மீந்தது. அதற்கடுத்த நாள் பதினெட்டுப் பேர் சோறில்லாமல் காத்திருந்தார்கள். புத்தகக் கடைக்காரர் அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருச்சிற்றம்பலம் மெஷினை விட்டு அசையவில்லை.

மூன்றாம் நாள் பேராச்சி ஈரக் கையோடு வந்து வாசலில் நின்றாள். அஞ்சு நிமிஷம், அஞ்சே நிமிஷம் அடுக்களை ஒயரை மட்டும் மாட்டித் தரச் சொன்னாள். அம்மா உத்தரவு, முடியாது என்றார். சரி, எதற்கு என்று கேட்டார்.

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன் ஐயா," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் அவர் அம்மாளிடம் போனார்.

"வேகம் எப்படி இருக்கு?"

"பறக்குதும்மா."

"கடிதம்?"

நெரிசல் என்று சொல்ல இப்போது ஒயர்கூட இல்லை. அவள் எழுதவே இல்லை, அவ்வளவுதான். அதை மூன்று வருஷத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னார்.

அம்மாள் அவர் எழுந்து போகும்வரை கூடவே உட்கார்ந்திருந்தாள்.

நான்காம் நாள் காலையில் கடிதம் வந்தது.

"அப்பா, மூணு நாளா பேராச்சியக்கா பதில் போடல. தினமும் நீங்க சாப்பிட்டீங்களான்னு கேட்பேன், என்ன சாப்பிட்டீங்கன்னு எழுதுவாங்க. உங்களுக்கு பிரஷர் இருக்குன்னு மோர்ல உப்புப் போடாம தரச் சொல்லியிருந்தேன். உங்களுக்கு ஒண்ணும் இல்லையே? உடனே எழுதுங்க."

அவர் இரண்டு தடவை படித்தார். பதில் எழுத விசைப்பலகையில் கை வைத்தார். பிறகு கையை எடுத்தார். எழுந்து மெஷினுக்குப் பின்னால் போய்க் குனிந்து, முதலில் அடுக்களை ஒயரை மாட்டினார். பிறகு மற்ற இரண்டையும் மாட்டினார்.

மத்தியானப் பந்தியில் கடைசி இலையில் உட்கார்ந்தார். பேராச்சி மோர் கொண்டுவந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. டம்ளர் நிறைய ஊற்றினாள்.

உப்பில்லாத மோரை ஒரு சொட்டு விடாமல் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"குடிச்சிட்டேன்னு எழுதிடு தாயி," என்றார்.