வரையூர் வளைவில் நின்ற வெண்கலக் குதிரை

வெண்கலக் குதிரையைக் கண்டு உயிருள்ள குதிரைகள் மிரண்டன. மூன்று குதிரைகள் பள்ளத்தில் விழுந்து செத்தன. மூன்றாவதோடு இருளப்பன் என்ற சுமைக்காரனும் போனான்.

சிலையை வார்த்தவர் வைரவன். வயது அறுபது. நேரே லாடச்சாமியிடம் போனார்.

லாடச்சாமி அவருக்குக் குரு. வயது நாற்பது. குதிரைக்கு லாடம் அடிக்கிறவர். யாராவது வந்து ஞானம் கேட்டால் குளம்பைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார். பாதிப்பேர் அதோடு ஓடிவிடுவார்கள். வைரவன் ஓடவில்லை, பிடிக்கவுமில்லை. எப்போதும் வாசலிலேயே நின்று கேட்டுவிட்டுப் போவார்.

"சாமி, என் சிலையில என்ன தப்பு?"

லாடச்சாமியின் வாயில் ஆணிகள். ஒன்றை எடுத்துக் குளம்பில் அடித்தார்.

"அளவு தப்பில்ல. கோல் வச்சுப் பாத்துட்டேன். பஞ்சத்துல இந்த மலைக்கு அரிசி சுமந்தது வரையூர் மட்டக்குதிரை. அந்தக் குதிரைச் சாதிக்கு இதைவிட மரியாதை செய்ய முடியாதுன்னு அம்பலகாரரே எனக்கு மாலை போட்டார்."

"இப்ப?"

"இப்ப வேற சொல்றார்."

ஊர்த் தலைவரான அம்பலகாரர் சொன்னது இதுதான். அடுத்த மாதம் சந்தை. நாற்பது மட்டக்குதிரைகள் உப்பு மூட்டையோடு மலை ஏறும். சிலை நிற்கிற வளைவைத் தாண்டித்தான் ஊருக்குள் வரவேண்டும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு குதிரையில் வைரவன் ஏறி வரவேண்டும். சிலை நல்ல சிலையானால் வந்து சேர்வார்.

"சிலையை எடுத்துடுறேன்னு சொல்லிப் பாத்துட்டேன் சாமி. விடமாட்டேங்கிறார். இருளப்பன் அவருக்கு மச்சினன்."

"அப்ப ஏறி வாரும்."

வைரவன் கையை வேட்டி மடிப்புக்குள் விட்டுக்கொண்டார்.

லாடச்சாமி ஆணிகளைக் கையில் துப்பினார். "எந்தக் குதிரையைப் பாத்துச் செஞ்சீர்?"

"உங்க பூரணியைத்தான். ஒரு மாசம் என் முற்றத்துல கட்டிவச்சிருந்தேனே."

"அது எங்க நின்னுச்சு?"

"உலைக்குப் பக்கத்துல."

"நீர்?"

"வேலிக்கு இந்தப் பக்கம்."

"எவ்வளவு தள்ளி?"

"இருபது அடி இருக்கும்."

"ஒரு நாளாவது தொட்டீரா?"

வைரவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஏழு வயசுல ஒரு குதிரை உதைச்சிருச்சு. விலா எலும்பு ரெண்டு போச்சு. அதுலேருந்து குதிரைன்னாலே பயம். ஐம்பது வருஷமா யாருகிட்டயும் சொன்னதில்ல."

"பூரணிகிட்ட சொல்லியிருக்கீர்."

லாடச்சாமி எழுந்து லாயத்துக் கதவைத் திறந்தார்.

"உள்ள போம்."

வைரவன் அசையவில்லை. லாடச்சாமி பிடரியில் கை வைத்துத் தள்ளினார். இரும்பு அடித்த கை. வெளியே தாழ் விழுந்தது.

லாயம் குறுகல். பூரணி கட்டவிழ்ந்து நின்றது.

அவரைக் கண்டதும் தலையைத் தூக்கியது. கழுத்து விறைத்தது. காதுகள் கூராக நிமிர்ந்தன. நாசி விரிந்தது. விழியில் வெள்ளை தெரிந்தது. வால் எழும்பியது.

வைரவன் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

அப்புறம்தான் உறைத்தது. இதே கழுத்து. இதே காது. இதே நாசி. விரற்கடை பிசகாமல் வார்த்து வளைவில் நிறுத்தியிருந்தார். ஊர் அதைக் கம்பீரம் என்றது.

பூரணியின் தோள் தோலுக்கடியில் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பயத்தின் அந்த நடுக்கம் மட்டும் அவர் கண்ணில் பட்டதில்லை.

"சாமி, கதவைத் திறங்க."

"வேலை கெடக்கு." சுத்தியல் சத்தம் கேட்டது.

"கொன்னுரும் சாமி."

"பூரணிக்கும் அதே நெனப்புதான்."

வைரவன் கத்தினார். கத்தியதும் பூரணி பின்வாங்கிப் பலகையை உதைத்தது. பலகை பிளந்தது. கத்துவதை நிறுத்தி மூச்சை அடக்கினார். அது இன்னும் விறைத்தது. என்ன எழவு இது என்று மூச்சை விட்டார்.

பூரணியும் விட்டது.

உச்சி வெயில் ஓட்டில் இறங்கியது. மிதித்தால் மிதிக்கட்டும் என்று வைக்கோலில் உட்கார்ந்தார். அழுகை வந்தது. அழுதார். அது தீர்ந்தபின் செய்வதற்கு ஒன்றுமில்லை. சும்மா இருந்தார்.

எப்போது என்று தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தார். பூரணியின் கழுத்து முதுகு மட்டத்துக்குத் தாழ்ந்திருந்தது. ஒரு காது பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. கீழுதடு தொங்கியது. ஒரு பின்னங்காலை மடக்கி, குளம்பின் நுனியை மட்டும் தரையில் ஊன்றியிருந்தது.

கை நீட்டினார். தோள் சூடாக இருந்தது. நடுக்கம் இல்லை.

வெயில் சாய்ந்தபோது தாழ் திறந்தது.

"வெளிய வாரும்."

"பொறுங்க சாமி. கொஞ்சம் மெழுகு இருந்தா குடுங்க."

மறுநாள் வெண்கலக் குதிரையின் கழுத்தை அறுத்தார். பின்னங்கால் ஒன்றையும் அறுத்தார். லாயத்திலேயே மெழுகில் பிடித்து, வார்த்து, கொண்டுபோய் ஒட்டினார். மாதம் முடிந்தது.

அம்பலகாரர் வந்து பார்த்தார்.

"என்னய்யா இது, தூங்குது. வரையூர் மட்டம் தூங்குமூஞ்சின்னு வெளியூர்க்காரன் சிரிக்கவா?"

"சிரிச்சிட்டுப் போகட்டும்."

"சந்தையன்னைக்கு நீர் சிரிக்கிறீரான்னு பாக்கறேன்."

சந்தை நாள். வைரவன் பூரணியின்மேல் ஏறினார். பயம் போய்விட்டது என்று யாரும் சொல்லவேண்டாம். கடிவாள வாரை இறுகப் பிடித்துக்கொண்டார். பின்னால் நாற்பது மட்டங்கள், உப்போடு.

வளைவு வந்தது. வலப்பக்கம் தரை முடிந்தது. இருளப்பன் விழுந்த இடத்தில் செடிகள் ஒடிந்தபடியே கிடந்தன. கீழே பார்த்தார், பார்த்திருக்கக் கூடாது.

பூரணி நின்றது. காதுகள் எழுந்தன.

எதிரே வெண்கலம்.

அடக்கப்போன மூச்சை வைரவன் விட்டார். கடிவாள வாரையும் தளரவிட்டார்.

பூரணி பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு கழுத்தைத் தாழ்த்தியது. பின்னங்காலை நுனியில் ஊன்றி, நடுவழியில், பள்ளத்தின் விளிம்பில், இளைப்பாற நின்றுவிட்டது. பின்னால் ஒவ்வொன்றாகக் கழுத்துகள் தாழ்ந்தன.

"ஓய், தாலாட்டுப் பாடணுமா? நகரும்," என்றான் பின்னாலிருந்து ஒரு சுமைக்காரன்.

நாற்பதும் கடந்தன.

மேலே அம்பலகாரர் நின்றிருந்தார். கடைசிக் குதிரை ஏறுகிறவரை எண்ணினார்.

"தப்பைத் திருத்துன ஆளோட பேரைப் பீடத்துல வெட்டணும்," என்றார் கடைசியில். "நீரா, லாடச்சாமியா? சொல்லும்."

வைரவனுக்குக் குதிரையைவிட்டு இறங்கத் தோன்றவில்லை.

"பூரணி," என்றார்.