வீராயி களத்து நடுமாடு

நெடுவயல் நாட்டு ராஜா விருதுராயருக்கு வெயில் என்றால் ஆகாது. ஆனால் கோடை அறுவடையைப் பார்க்காமலும் இருக்க முடியாது. அதனால் வருடா வருடம் சித்திரையில் யாராவது ஒரு குடியானவரின் களத்து ஓரமாகப் பந்தல் போட்டு, விசிறி வீச இரண்டு ஆள் வைத்து, நுங்கு சாப்பிட்டுக்கொண்டே குடிகள் பாடுபடுவதைப் பார்ப்பார். பார்ப்பதற்கே அவருக்கு வியர்த்துவிடும்.

அந்த வருடம் அந்த அதிர்ஷ்டம் வீராயிக்கு அடித்தது. அரைக் காணி நிலம், ஒரு கறவைப் பசு, ஆறு ஆடு, எண்ணி முடிப்பதற்குள் இடம் மாறிவிடும் கோழிகள், மயிலை என்று ஒரு கிழட்டு எருது. அவள் சொத்தே அவ்வளவுதான். கதிரை மிதித்துப் போரடிக்க வேண்டிய மற்ற நாலு மாடும் அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கியவை.

ராஜாவோடு வந்தவர்களில் இரண்டு பேரைத் தெரிந்துகொண்டால் நமக்குப் போதும். ஒருவர் களஞ்சிய அதிகாரி வைரவநாதர். உலகத்தில் யார் சும்மா இருந்தாலும் அவருக்குப் பொறுக்காது, அவரைத் தவிர. இன்னொருவர் ஏகாம்பரம். சபையில் அவருக்கு என்ன வேலை என்று யாருக்கும் தெரியாது. அவர் இல்லாத நாளில் ராஜாவுக்குச் சாப்பாடு இறங்காது என்று மட்டும் தெரியும். வந்ததும் வராததுமாக வீராயியிடம் இரண்டு சொம்பு நீர்மோர் வாங்கிக் குடித்துவிட்டதால், அன்றைக்கு ஏகாம்பரம் அவள் கட்சி.

களத்தில் கதிரைப் பரப்பி, ஐந்து மாடுகளையும் ஒரே கயிற்றில் வரிசையாகப் பிணைத்து, சுற்றிச் சுற்றி ஓட்டினாள் வீராயி. வெளிப்பக்கத்து மாடு ஓட்டமும் நடையுமாக வந்தது. உள்பக்கக் கடைசியில் மயிலை. அது நின்ற இடத்திலேயே ஆடி அசைந்து திரும்பிக்கொண்டு, இடையிடையே ஒரு வாய் வைக்கோலையும் மென்றது.

"பார்த்தீர்களா அரசே!" என்றார் வைரவநாதர். "நாலு மாடு உயிரைக் கொடுத்து நடக்கிறது. அந்தக் கிழம் நின்றபடியே தின்கிறது. தோல் பட்டறைக்கு அனுப்பிவிடலாம்."

ராஜாவின் வாயில் நுங்கு. "ஆமாம். நடுவில் அசையாமல் இருந்து தின்பது எதுவானாலும் நாட்டுக்கு ஆகாது. தோல் பட்டறைக்கு அனுப்புங்கள். இது என் ஆணை" என்றார். பக்கத்தில் இருந்த எழுத்தன் உடனே ஓலையில் எழுதியும்விட்டான்.

வீராயி ஓடிவந்து விழுந்தாள். "மகராசா! அது மாடு இல்ல சாமி, என் கையும் காலும்! அதக் கொண்டுபோயிட்டா நான் எத வச்சுப் பொழைப்பேன்?"

அவள் குரல் உடைந்ததைக் கேட்டு ஏகாம்பரத்துக்கு நிஜமாகவே கோபம் வந்தது. ஆனால் கோபம் வந்தால் அவர் சிரித்துக்கொண்டுதான் பேசுவார்.

"ஆணை ஆணைதான்" என்று எழுந்தார். "ஆனால் அந்த இடம் காலியாக இருக்கலாமா? நன்றாக நடக்கிற மாடு ஒன்று வேண்டுமே!"

"அரசரின் சவாரி வண்டிக் காளை இருக்கிறதே!" என்றார் வைரவநாதர். "அதைப்போல நடக்கிற மாடு இந்த நாட்டில் உண்டா?"

"அதிகாரி சொன்னால் சரிதான். அதையே நடுவில் கட்டுங்கள்" என்றார் ஏகாம்பரம்.

"நீங்களுமா சாமி?" என்று வீராயி அவரை முறைத்தாள். அவர் தன் முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வைக்கோல் போருக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

காளை நடந்தது. நன்றாகவே நடந்தது. நின்ற இடத்தில் திரும்புவது எப்படி என்று அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை; நேராகப் போகத்தான் தெரியும். அது போன பக்கம் மற்ற நாலும் போயின. களத்தைத் தாண்டி, ஆடுகளைக் கலைத்து, கோழிகளைக் கூரையேற்றி, பந்தல் காலைப் பிடுங்கிக்கொண்டு போய் வரப்பில் முட்டி நின்றன. வைரவநாதர் சாணிக்குழியில் கிடந்தார். ராஜா நுங்கும் கையுமாக வைக்கோல் போர் உச்சியில் இருந்தார். எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது.

"என்ன அக்கிரமம் இது!" என்று மேலேயிருந்து கத்தினார்.

"நடக்கிற மாடு நடந்தது, அரசே" என்றார் ஏகாம்பரம் கீழேயிருந்து.

வீராயிக்குப் பயம் போய்விட்டது. "நடுவுல நிக்கிறதுதான் சாமி அதோட வேலையே! அது நெலையா நின்னு திரும்புனாத்தான் மத்ததெல்லாம் வட்டமா வரும். எளங்காளைக்கு அந்த நிதானம் ஏது? எங்க மயிலைக்கே அது படிய எத்தனையோ வருசம் ஆச்சு."

ராஜாவுக்கு விஷயம் புரிந்தது. ஆனால் குழியிலிருந்து ஏறிவந்த வைரவநாதர் விடவில்லை. "அரசே, ஆணை ஓலையில் ஏறிவிட்டது. அரச வாக்கு பின்வாங்கினால் நாளைக்கு யார் மதிப்பார்கள்?"

ராஜாவின் முகம் தொங்கிப்போனது. "அதுவும் உண்மைதான். சொன்னது சொன்னதுதான்."

"அப்படியே நிறைவேற்றுவோம்" என்றார் ஏகாம்பரம். "வீராயி, மாட்டைக் கொண்டு வா. பட்டறைக்கு இரண்டு பேர் போக வேண்டியிருக்கிறது. சேர்த்தே அனுப்பிவிடலாம்."

"இரண்டா? இன்னொன்று எது?"

"ஆணையில் மாடு என்ற பேச்சே இல்லையே, அரசே. எதுவானாலும் என்றுதானே சொன்னீர்கள்? நானும் யோசித்துப் பார்த்தேன். தளபதி எல்லையைச் சுற்றுகிறார். மந்திரி ஊர் ஊராகச் சுற்றுகிறார். நம் அதிகாரி இப்போதுதான் சாணிக்குழியைச் சுற்றிவிட்டு வருகிறார். நாடே சுற்றுகிறது. நடுவில் அசையாமல் உட்கார்ந்து நுங்கு சாப்பிடுகிறவர் ஒரே ஒருவர்தான். அவரும் இப்போது வைக்கோல் போர் மேல் இருக்கிறார். இறங்குவதற்கு ஏணி கொண்டுவரச் சொல்லட்டுமா?"

விசிறி வீசுகிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ராஜா கையிலிருந்த நுங்கைப் பார்த்தார். மயிலையைப் பார்த்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் வைக்கோல் போரே சரிந்து, ராஜா ஏணி இல்லாமலேயே தரைக்கு வந்து சேர்ந்தார்.

"ஓலையைக் கிழித்துப் போடு! என் தோல் போவதைவிட என் வாக்கு போகட்டும்!" என்றார். தன் கழுத்து முத்துமாலையை ஏகாம்பரத்துக்குப் போட்டார். மயிலை இருக்கும்வரை வீராயி நிலத்துக்கு வரியே கிடையாது என்றார். பிறகு வைரவநாதர் பக்கம் திரும்பினார். "உமக்குத்தான் சும்மா நிற்பது பிடிக்காதே! போரடி முடியும்வரை நீரும் மாடுகளோடு நடவும்."

போரடிக்கும்போது மாடுகளுக்குப் பின்னாலேயே ஒருவர் கூடையோடு போக வேண்டும். சாணி நெல்லில் விழுவதற்குள் பிடிக்க வேண்டும். வீராயி மிகுந்த மரியாதையோடு அந்தக் கூடையை அதிகாரியின் கையில் கொடுத்தாள். மயிலை நடுவில் போய் நின்றது. மாடுகள் சுற்றத் தொடங்கின.

"அய்யா, வெளிமாடு வாலத் தூக்குது!" என்றாள் வீராயி. "ஓடுங்க, ஓடுங்க!"