கம்புக்கால், மல்லுக்கால்

ஆறுகளுக்கெல்லாம் இன்னும் பெயர் வைக்காத ஒரு காலத்தில், ஆலங்கரை நாட்டில் மருதாயி என்றொரு ஓடக்காரி இருந்தாள். அவள் தம்பி வீரணன் பெரிய மல்லன். தூமகேது என்னும் மந்திரவாதியோடு மோதித் தோற்றான். முன்பு அவனிடம் தோற்றவர்களைப் போலவே, தோற்ற இடத்திலேயே கல்லாகி நின்றான்.

"என் முதுகில் எவராவது மண் பட வைத்தால் கல்லெல்லாம் எழும். ஒரு வருடம்தான் கெடு. பிறகு கல், கல்லேதான்" என்றான் தூமகேது.

மருதாயி அழுதாள். அழுதுகொண்டே ஒன்றைக் கவனித்தாள். மந்திரவாதியின் தோளில் ஒரு மைனா. எதிராளியின் காலைப் பார்த்தே அடுத்த அடியை அது அவன் காதில் சொல்லிவிடும்.

மைனாவுக்குப் படிக்கத் தெரியாத கால் வேண்டும்; ஒரே வித்தையில் அது கிடைக்காது. காலையில் சிலம்பக் கூடம், மாலையில் சுவருக்கு அந்தப் பக்கம் மற்போர்க் கூடம், நடுவில் ஓடம் என்று கிளம்பிவிட்டாள்.

"காலை நட்டு வச்சிருக்கியே, அதென்ன நாத்தா?" என்றார் சிலம்ப வாத்தியார். "மல்லை விட்டுடு."

"விடமாட்டேன்" என்றாள் மருதாயி.

"என்னம்மா துள்ளுறே, தரை சுடுதா?" என்றார் மல்லு வாத்தியார். "கம்பை விட்டுடு."

"விடமாட்டேன்" என்றாள் மருதாயி.

தோள் வீங்கியது. முழங்கால் தேய்ந்தது. இரண்டு கூடத்திலும் அவளே கடைசி. கல்லாய் நின்ற தம்பியின் காலடியில் உட்கார்ந்து, "நீயாவது விடச் சொல்லேன்" என்றாள். கல் பேசவில்லை. அதனால் விடவில்லை.

ஒருநாள் ஓடத்தில் கோல் ஊன்றும்போது குனிந்து பார்த்தாள். ஒரு கால் பலகையில் வேரோடியிருந்தது. மறுகால் அலைக்கு அலை நகர்ந்தது. 'அட, இது எனக்கு முன்பே தெரியுமே' என்று சிரித்தாள்.

கெடுவின் கடைசி நாள். கம்போடு போய் நின்றாள். தூமகேதுவும் கம்பெடுத்தான்.

"கம்புக்கால். வலது வீச்சு" என்றது மைனா. மருதாயியின் தோளில் அடி விழுந்தது.

"மல்லுக்கால். இடுப்பைப் பிடிப்பா" என்றது மைனா. தூமகேது விலகினான். மருதாயியின் கை காற்றைத்தான் பிடித்தது.

மூன்றாம் முறை ஓடத்தில் நிற்பதுபோல் நின்றாள்.

"ஒண்ணு கம்புக்கால், ஒண்ணு மல்லுக்கால்" என்றது மைனா. "ஐயா, எனக்குப் படிப்பு இவ்வளவுதான்."

தூமகேது ஆத்திரத்தில் ஓங்கி அடித்தான். மருதாயி கையைத் தளர்த்தினாள். கம்பு பறந்து விழுந்தது.

கம்பைத் தட்டிவிட்டவனே குனிந்து எடுத்துத் தோற்றவர் கையில் கொடுப்பது சிலம்பத்து வழக்கம்; அதுதான் வென்றவனுக்குப் பெருமை. பெருமை என்றால் தூமகேதுவுக்கு உயிர். சிரித்துக்கொண்டே குனிந்தான்.

மருதாயியின் கால் ஊன்றியது. இரண்டு கையும் அவன் இடுப்பைச் சுற்றின. அடுத்த மூச்சில் அவன் முதுகில் மண்.

"கம்பு விழுந்தா ஆட்டம் முடிஞ்சுது" என்று முனகினான்.

"கம்பாட்டம்தான் முடிஞ்சுது" என்றாள் மருதாயி.

சொன்ன சொல் அவனையே கட்டியது. மந்திரமெல்லாம் புகையாய்ப் போனது. கற்கள் ஒவ்வொன்றாய் மூச்சு விட்டன.

"அக்கா, தோத்துட்டேனா?" என்றான் வீரணன்.

"ஆமாடா. வா, ஓடம் காத்துக் கிடக்கு."

நாட்டு அரசர் அவள் தலையில் வெற்றிப் பட்டு கட்டினார். இரண்டு கூடத்துக்கும் நடுவில் இருந்த சுவரில் ஒரு வாசல் திறந்தார்கள். மைனா ஓடத்துக்கே குடிவந்து, "இந்த ஆளு நடு ஆத்துல எழுந்து நிப்பாரு" என்று பயணிகளின் காலைப் படித்துச் சொன்னது.

கல் எழுந்தது, ஓடம் நகர்ந்தது. கதையும் கரை ஏறியது.