அரைச் சக்கரம்

"அவ மூஞ்சி வரமாட்டீங்குதுங்க கேப்டன்."

ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்தே முக்கால். பேரூரில் நாங்கள் பன்னிரண்டு பேர் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தோம். சொன்னவர் சென்னியப்பன் அண்ணன். மோட்டார் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி சுலோச்சனா அக்கா தவறி எட்டு மாதம் ஆகிறது.

கேப்டன் என்பது எங்கள் சைக்கிள் க்ளப்பை நடத்தும் நஸ்ரீன். வடவள்ளியில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். எங்களில் பாதிப் பேருக்குத் தங்கை வயது. ஆனாலும் மனசில் ஏதாவது அடைத்துக்கொண்டால் நாங்கள் போய் நிற்பது அவரிடம்தான். நேராகப் பதில் சொல்லமாட்டார், அது வேறு விஷயம்.

"வீட்டுல போட்டோ இல்லீங்களாண்ணா?"

"செவுரு பூரா போட்டோதான். அதெல்லாம் கேமராக்காரனுக்குக் காட்டுன மூஞ்சிங்க. எனக்கு அது வேண்டாம்."

"பின்ன?"

"சைக்கிள் ஓட்டறப்ப இருந்த மூஞ்சி வேணும். வீட்டுல அவளுக்கு ஆயிரம் ரோதனை. ஞாயித்துக்கிழமை வண்டியேறுனாத்தான் அவ அவளா இருப்பா. அந்த மூஞ்சிய ஒருக்கா பாத்தாப் போதுமுங்க."

கேப்டன் பம்பைக் கழற்றி வைத்தார்.

"ஆறு வருசம் பக்கத்துலயே ஓட்டியிருக்கறேன். கண்ண மூடுனா ரோடு வருது. புளியமரம் வருது. அவ வண்டிச் செயின் சத்தங்கூட வருது. மூஞ்சி மட்டும் வரமாட்டீங்குது. மறந்துட்டு வர்றனுங்களா? அவளையே மறந்துட்டா அப்புறம் எங்கிட்ட என்னதானுங்க இருக்குது?"

"கிளம்பலாங்கண்ணா. நீங்க முன்னால போங்க."

அவ்வளவுதான். எனக்குச் சுருக்கென்றது. வாயைத் திறந்து ஒரு ஆறுதல் சொன்னால் முத்தா உதிர்ந்துவிடும்?

அண்ணன் ஏறிப் போனார்.

அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் கேப்டன் குனிந்தார். தன் வண்டிச் செயினைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவினார். அந்தக் கறுப்பை மூக்கிலிருந்து காது வரை, வலது கன்னத்தில் பட்டையாக இழுத்தார்.

எங்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஒருத்தரும் மூச்சு விடக் கூடாது" என்றார்.

எங்கள் க்ளப்பில் ஜோடி ஜோடியாகத்தான் போவோம். ஜோடி என்றால் இரண்டு முன்சக்கரமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். சென்னியப்பன் அண்ணனுக்கு அது மட்டும் வராது. எப்போதும் அரைச் சக்கரம் முன்னால் நிற்பார். பக்கத்தில் இருப்பவர் ஒரு மிதி மிதித்துச் சமமாக வந்தால், இவரும் ஒரு மிதி மிதிப்பார். மறுபடி அரைச் சக்கரம் முன்னால்.

வேண்டுமென்று செய்வதில்லை. பாவம், அவருக்கே தெரியாது. சொல்லிப் பார்த்தாயிற்று.

"நானா? நான் சமமாத்தானுங்க வர்றேன்" என்பார்.

அவரோடு ஜோடி போட்டால் ஆலாந்துறை போவதற்குள் நாக்குத் தள்ளிவிடும். நான் இரண்டே வாரத்தில் கழன்றுகொண்டேன். சலிக்காமல் ஆறு வருஷம் போனது சுலோச்சனா அக்கா ஒருத்திதான். லாரி வருகிற வலப்பக்கம் அண்ணன், ஓரமாக இடப்பக்கம் அக்கா.

அன்றைக்கு அந்த இடப்பக்கத்தில் கேப்டன் போய்ச் சேர்ந்துகொண்டார். வழக்கமாக அவர் வருவது கடைசியில். பின்தங்கியவர்களைக் கூட்டிக்கொண்டு வருவது கேப்டன் வேலை. அந்த வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் முன்னால் போனார்.

நான் அடுத்த வரிசையில் இருந்தேன்.

"வாங்க கேப்டன்" என்றார் அண்ணன், ரோட்டைப் பார்த்தபடி.

வழியெல்லாம் அக்காவைப் பற்றியே பேச்சு. மாதம்பட்டி மேட்டில் எவ்வளவு மூச்சு வாங்கினாலும் இறங்கித் தள்ளமாட்டாளாம். தோட்டத்தில் மோட்டார் ஓடினால் வண்டியை நிறுத்திவிட்டு ஓடிப்போய்த் தண்ணீரில் முகம் கழுவுவாளாம்.

"நான் ரெண்டு வண்டியையும் பிடிச்சுட்டு நிப்பனுங்க. 'மணி ஆகுது, மணி ஆகுது'ன்னு வாச்சையே பாத்துட்டு நிப்பேன்."

"ம்" என்றார் கேப்டன்.

"இப்ப மணி ஆவறதே இல்லீங்க. ஞாயித்துக்கிழமை ஒம்பது மணிக்கு வீட்டுக்குப் போனா, அப்புறம் சாயங்காலம் வரைக்கும் பொழுது அப்படியே கெடக்குது."

கேப்டன் மிதித்துச் சமமாக வந்தார். அண்ணன் முன்னால் போனார். மறுபடி வந்தார். மறுபடி போனார்.

கிளம்பும்போது சிரித்தவர்கள் யாரும் இப்போது சிரிக்கவில்லை.

ஆலாந்துறை பேக்கரியில் ஆளுக்கொரு டீ, தேங்காய் பன். அண்ணன் கேப்டனுக்கு எதிரே உட்கார்ந்தார். டீயை ஊதிக்கொண்டே நிமிர்ந்தவர் ஊதுவதை நிறுத்தினார்.

"அட, மூஞ்சில என்னங்க கரி?"

"செயின் கறுப்புங்கண்ணா."

"வழியில செயின் கழண்டுச்சா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நின்னு மாட்டிக் குடுத்திருப்பனே!"

"கழலலீங்க. பேரூர்லயே பூசிக்கிட்டேன்."

"பேரூர்லயா?"

"ஆமாங்க."

அண்ணன் எங்களைப் பார்த்தார். நாங்கள் பன்னைப் பார்த்தோம்.

"அத்தனை தூரமும் என் பக்கத்துலதானுங்க வந்தீங்க?"

"உங்க பக்கத்துலதான் வந்தேன்."

அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். பேக்கரிக்காரர் வந்து இன்னொரு டீ வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று கையாட்டினேன். அவர் போய்விட்டார்.

"அப்ப நான் மறக்கலீங்க" என்றார் அண்ணன்.

கேப்டன் கைக்குட்டையை எடுத்துக் கன்னத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

"நான் பாக்கவே இல்லை. ஆறு வருசம். ஒருக்காக்கூட இந்தப் பக்கம் திரும்பலை."

அறுபத்து மூன்று வயது மனுஷன், பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்குக் கேப்டன் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. மறந்துபோச்சு என்று நினைத்துக்கொண்டாவது இருந்திருப்பார். தேடினால் என்றைக்காவது கிடைக்கும் என்ற நம்பிக்கையாவது இருந்திருக்கும். அதையும் பிடுங்கிக்கொள்ள வேண்டுமா?

ரொம்ப நேரம் கழித்து அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கேப்டன், நீங்க பாத்திருப்பீங்கல்ல? வண்டி ஓட்டறப்ப எப்படிங்க இருப்பா அவ?"

"நான் கடைசியில வர்றவங்கண்ணா. எனக்கு எங்கீங்க மூஞ்சி தெரியும்? எல்லாரோட முதுகுதான் தெரியும்."

அண்ணன் தலையை ஆட்டினார். எழுந்திருக்கப் போனார்.

"அக்காவோடது மட்டும் வலது கன்னமும் தெரியும்" என்றார் கேப்டன். "எப்பப் பாத்தாலும் உங்க பக்கந்தான் திரும்பியிருக்கும்."