கரடி விடைபெற்ற நாள்

தாமரைக் குளத்தை ஒட்டிய காட்டில் மிருகங்கள் ஒரு கால்பந்து அணி வைத்திருந்தன. கரடிதான் பயிற்சியாளர். குரங்கு கோல் கீப்பர்.

அந்த ஆண்டு மலைக்காட்டு அணியிடம் நான்கு முறை இந்த அணி தோற்றுப் போனது. காட்டின் தலைவரான யானை கரடியைக் கூப்பிட்டது.

"போதும் கரடியாரே! இனி சிறுத்தை பயிற்சி கொடுக்கும்."

"ஆகட்டும்" என்றது கரடி. காட்டை விட்டே போய்விடவும் முடிவு செய்தது.

மறுநாள் விடிந்ததும் கரடி மைதானத்துக்கு வந்தது. கோல் கம்பத்துக்கு முன்னால் மழையில் பள்ளமாகிக் கிடந்த இடத்தில் மண் போட்டு மிதித்தது. பிறகு சிறுத்தையின் குகைக்குப் போய் வெகுநேரம் பேசிவிட்டு வந்தது.

புதர் மறைவிலிருந்து பார்த்த நரி, குரங்கிடம் ஓடியது.

"பார்த்தாயா நாடகத்தை! எல்லோரும் ஐயோ பாவம் என்று சொல்லத்தான் மண் சுமக்கிறது. சிறுத்தையிடம் உன்னைப் பற்றி வேறு போட்டுக் கொடுத்திருக்கிறது. உன் பெயரை என் காதால் கேட்டேன்!"

குரங்குக்குச் சுருக்கென்றது. கடைசி ஆட்டத்தில் மூன்று கோல்களைக் கோட்டைவிட்டது அதுதானே!

சற்று நேரத்தில் கரடி மரத்தடிக்கு வந்தது.

"தம்பி, போய் வரட்டுமா?"

குரங்கு இலைகளுக்குள் ஒளிந்துகொண்டது. கரடி கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தபடி நின்றது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு நடந்தது.

உச்சிவேளையில் சிறுத்தை புதிய அணியை அறிவித்தது. கோல் கீப்பர், முயல்!

"நரி சொன்னது சரிதான்! கரடி என்னைக் கவிழ்த்துவிட்டது!" என்று கத்தியது குரங்கு.

சிறுத்தை திகைத்தது. "கவிழ்த்ததா? உன் இடது மணிக்கட்டு வீங்கியிருக்கிறதாம், நீ வெளியே சொல்ல மாட்டாயாம். பத்து நாள் ஓய்வு கொடுங்கள், அவனைப் போல் ஒரு கோல் கீப்பர் கிடைக்க மாட்டான் என்று கெஞ்சிவிட்டல்லவா போனது!"

குரங்கு ஒரே ஓட்டமாக ஓடியது. காட்டின் எல்லையில், ஓடைக்கரையில் கரடியைப் பிடித்துவிட்டது.

"அண்ணே! உங்களைத் தப்பாக நினைத்துவிட்டேன்!"

கரடி அதன் கையை மெல்லப் பிடித்துப் பார்த்தது.

"எனக்கும் கோபம் இருந்ததடா. சிறுத்தைக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, என் அருமை தெரியட்டும் என்றுதான் நினைத்தேன். மண்ணை மிதிக்கும்போது, நீ இந்தக் கையோடு அங்கேதானே விழுவாய் என்று தோன்றியது. அப்புறம் எப்படிச் சொல்லாமல் இருப்பது?"

குரங்குக்கு அழுகை வந்துவிட்டது. "நான் விளையாடும்போது பார்க்க வருவீர்களா?"

"கூப்பிட்டுப் பாரேன்! முதல் ஆளாக வந்து நிற்பேன்!"

கரடி ஓடையில் இறங்கியது. அக்கரை ஏறி, மரங்களுக்குள் மறையும்வரை குரங்கு அங்கேயே நின்றது.

பிரிந்து போகிறவர் செய்யும் நல்லதில் சூழ்ச்சியைத் தேடாதீர்கள். சந்தேகம் வந்தால், அவர் போவதற்குள் அவரிடமே கேட்டுவிடுங்கள்.