கருப்பனின் நிறம்

குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சீடருக்கு ஐம்பத்தாறு. லாரி ஓட்டி ஓய்ந்த தவசி, ஸ்டுடியோ வைத்திருக்கும் செல்லக்கிளியிடம் கேமரா படிக்க வந்திருந்தார். சும்மா சொல்லக் கூடாது, ஆர்வம் என்றால் அப்படியொரு ஆர்வம்.

அன்று காலை வீராயி ஸ்டுடியோவுக்குள் விறுவிறுவென்று வந்தாள். கையில் தவசி எடுத்த படம்.

“ஏண்ணே, இது யாரு மாடு?”

“உன் மாடுதான் தங்கச்சி. ஜல்லிக்கட்டு பேனருக்கு நேத்து எடுத்தேனே!”

“எம் மாடு கன்னங்கரேல்னு இருக்கும். கருப்பசாமியை வேண்டிக்கிட்டு கருப்பன்னே பேரு வச்சிருக்கேன். இது என்னடான்னா சாம்பல்ல புரண்டு எந்திரிச்சு நிக்குது! கருப்பனே பார்த்தாலும் யாருடா இவன்னு கேப்பான். பேனர்ல போட்டா, வீராயி மாட்டை மாத்திட்டான்னு ஊரே சிரிக்கும். இன்னைக்கு ஒழுங்கா எடுத்துத் தாங்க. இல்லேன்னா வேற கடை பாத்துக்கிறேன்.”

அவள் போய்விட்டாள். தவசியின் முகம் தொங்கிவிட்டது.

“நான் ஒண்ணையும் தொடலையே தாயி. கேமரா தானா வச்ச வெளிச்சத்துலதான் எடுத்தேன். அது ஏன் இப்படிப் பண்ணுது?”

செல்லக்கிளி மூலையில் கிடந்த கருப்புக் குடையை விரித்து, துணி மட்டும் தெரியும்படி ஒரு படம் எடுத்தாள். அடுத்து, தவசி கட்டியிருந்த வெள்ளை வேட்டி மட்டும் தெரியும்படி ஒன்று. திரையில் இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டினாள்.

“இதுல எது குடை, எது உங்க வேட்டி?”

தவசி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். இரண்டும் ஒரே சாம்பல் நிறம்.

“அடக் கடவுளே! நீலம் போட்டு அலசின வேட்டியாச்சே!”

“கேமராவுக்கு அது தெரியாதுண்ணே. எதைக் காட்டினாலும் நடுவாந்தரமாத்தான் இருக்கும்னு நினைச்சுக்கும். வெள்ளையைக் கண்டா, கண்ணு கூசுதேன்னு வெளிச்சத்தைக் குறைச்சிடும். கருப்பைக் கண்டா, ஐயோ இருட்டா இருக்கேன்னு பதறிப்போய் அதுவா வெளிச்சத்தை ஏத்திடும்.”

“அப்போ?”

“இது கருப்பேதான், நீ குறைன்னு நாமதான் சொல்லணும்.”

மாலையில் இருவரும் வீராயியின் தொழுவத்துக்குப் போனார்கள். தவசி கேமராவில் வெளிச்சத்தை இரண்டு படி இறக்கினார். கருப்பசாமியை நினைத்துக்கொண்டு பட்டனை அழுத்தினார்.

திரையில் கருப்பன் நின்றான். திமில் பளபளத்தது.

வீராயி எட்டிப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. “இவன்தான்ணே! என் புள்ள இவனேதான்!” என்று தவசியின் கையைப் பிடித்துக்கொண்டாள். தவசிக்கும் சிரிப்புத் தாங்கவில்லை.

“என்னையும் சேர்த்து ஒண்ணு எடுங்க. அதையே பேனர்ல போட்டுருவோம்.”

கயிற்றைப் பிடித்துக்கொண்டு மாட்டின் பக்கத்தில் நின்றாள். எடுத்ததும் ஓடிவந்து பார்த்தாள். கொஞ்சம் தயங்கினாள்.

“மாடு அப்படியே இருக்கட்டும்ணே. என்னை மட்டும் கம்ப்யூட்டர்ல வச்சுக் கொஞ்சம் செவப்பா ஆக்கிடுங்களேன். ஊரே பார்க்கும்ல?”

தவசி தலையைச் சொறிந்தார். குருவைத் திரும்பிப் பார்த்தார்.

செல்லக்கிளி கருப்பனின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“அதுக்கென்னக்கா, ஆக்கிடலாம். ஆனா இவன் பார்த்தா, என் கயித்தைப் பிடிச்சிருக்கிறது யாருடான்னு கேப்பானே!”