பழுப்பு நிறத்தில் இரண்டு ஏக்கர்

சோலையப்பனுக்குப் பிடிவாதம் என்றால் இப்படி அப்படிப் பிடிவாதம் இல்லை. வைகாசி வெயிலில் கறவை மாட்டை ஓட்டிக்கொண்டு மடத்து வாசலில் வந்து நின்றார். கக்கத்தில் சுருட்டிய ஒரு படம்.

வேதவல்லி அம்மா அந்த மடத்தின் குரு. சோலையப்பனைவிட வயதில் சின்னவர்தான். ஆனாலும் அவர் ஒன்று சொன்னால் சோலையப்பனுக்கு மறுபேச்சு கிடையாது.

"மாட்டை எங்கே ஓட்டிக்கிட்டுப் போறீங்க?"

"சந்தைக்கும்மா. இதை வித்து விதைக்கடலை வாங்கணும். உங்க ஆசீர்வாதம் வேணும்."

"வீட்டுல அடுப்பு எரியறதே இது கறக்கிற பால்லதானே?"

"ஆமாம்மா. ஆடுகளைப் போன விதைப்புக்கே வித்தாச்சு."

"அந்தக் கடலை என்ன ஆச்சு?"

"முளைச்சு நாலு இலை விட்டதும் கருகிப் போச்சு. அதுக்கு முந்தியும் அதே கதைதான். என்ன பாவம் பண்ணினேனோ. கடலை விளையும்னு படத்துல தெளிவாப் போட்டிருக்கே."

படம் என்றால் மண் வரைபடம். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அரசாங்க ஆட்கள் தாலுகா முழுக்கக் குழி தோண்டிப் பார்த்து, மண்ணுக்கு ஒரு நிறமாகத் தீட்டியது. அதன் நகல் ஒன்றைத்தான் இவர் சாமி படம் மாதிரி காப்பாற்றி வந்தார். அவருடைய இரண்டு ஏக்கரும் அதில் பழுப்பு. பழுப்பு என்றால் ஆழமான செம்மண், நிலக்கடலைக்கு ஏற்றது என்று ஓரத்தில் அச்சடித்திருந்தது. சாம்பல் நிறம் என்றால் பாறை, எதுவும் விளையாது.

"மண்வெட்டி எவ்வளவு இறங்குது?"

"நாலு விரல்கடை. அப்புறம் பாறைதான்."

"மிச்ச மண்?"

"உங்களுக்குத் தெரியாததா? செங்கல் சூளைக்காரன் லாரி லாரியா அள்ளிக்கிட்டுப் போனான். நான்தானே கொடுத்தேன். ருக்மணி ஆஸ்பத்திரியில கிடந்தா. வேற என்ன இருந்துச்சு எங்கிட்ட?"

ருக்மணி அவர் மனைவி. மண் போன கையோடு அவளும் போய்விட்டாள்.

அம்மா உள்ளே போய் ஒரு சாம்பல் நிறப் பென்சிலை எடுத்துவந்து நீட்டினார்.

"உங்க நிலத்தை இப்ப இருக்கிறபடி தீட்டுங்க."

சோலையப்பன் படத்தைத் தரையில் விரித்தார். பென்சிலைப் பழுப்பின்மேல் வைத்தார். கை நகர மறுத்தது.

"முடியலைம்மா. மண்ணைக் கொடுத்தும் அவளைக் காப்பாத்த முடியலை. இதையும் பாறைன்னு தீட்டிட்டா, எனக்குன்னு என்ன இருக்கு?"

சொல்லும்போதே உடைந்து அழுதார். அம்மா தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை. மாடு வேலியோரம் புல் மேய்ந்துகொண்டிருந்தது. அழுகை ஓய்ந்த பிறகுதான் அம்மா கேட்டார்.

"ருக்மணிக்குத் திதி அன்னிக்கு இலை போடறீங்களா?"

"வருஷம் தவறினதில்லை. அவளுக்குப் பிடிச்ச கத்தரிக்காய்க் குழம்பு வெச்சு."

"வந்து சாப்பிடுவாங்கன்னு போடறீங்களா?"

"அவ வரமாட்டாள்னு தெரியும்மா. மனசு கேக்கலை, போடறேன்."

"நிலத்துக்கும் அப்படி ஒரு கைப்பிடி கடலை போடுங்க. மாட்டை வித்துப் போடாதீங்க."